உட்கார்ந்து எடுத்த சிம்பொனி

அத்தியாயம் 5

"இன்னும் எவ்வளவு நேரம் அந்த ஜாம் பாட்டிலையே மோந்து பாத்துட்டு இருக்கப் போறீங்க, லுகினிஷ்னா? திருடன் என்ன, அதுக்குள்ளயா ஒளிஞ்சிருக்கான்?"

கேட்டுவிட்டுத் திமோஷ்கா மறுபடி ஜன்னலுக்குப் போனான். அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியே வோல்கா ஆறு விட்டு விட்டு வெடித்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாதம். ஆற்றுப் பனி இன்றைக்கு உடையுமா நாளைக்கு உடையுமா என்று மலினோவ்ஸ்க் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு திரிந்த நேரம். துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகைப் பறிகொடுத்தவன் திமோஷ்கா. பனி உடையும்போது கரையில் நிற்காவிட்டால் அவனுக்கு வருஷமே பிறக்காது. இங்கேயோ, செத்துப்போன ஒருவர் வீட்டில், பியானோவுக்கும் புத்தக அடுக்குகளுக்கும் நடுவே கையை வீச இடமில்லாமல் முடங்கிக் கிடக்க வேண்டியிருந்தது.

"திருடன் இல்ல. செர்ரி இருக்கு," என்றார் வர்வாரா லுகினிஷ்னா. ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

போலீசில் ஆயுசுக்கும் துப்புத் துலக்கி ஓய்வு பெற்ற அம்மாள் அவர். கனத்த உடம்பு, சின்னக் கண். போலீசுக்குக் கொண்டுபோக முடியாத சங்கதி எதுவானாலும் ஊரில் அவரிடம்தான் வரும். அவருக்கு வண்டி ஓட்டுவதும் கதவு தட்டுவதும் திமோஷ்கா. வாயாடுவதும் அவனேதான். அதை மட்டும் யாரும் கேட்காமலே செய்வான்.

விஷயம் இதுதான். எவ்கிராஃப் சாஷின் என்பவர் இந்த ஊர் ஓபரா அரங்கில் தலை நரைக்கும்வரை கோல் பிடித்து வாத்தியக் குழுவை நடத்தியவர். ஊர் எல்லையைத் தாண்டினால் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அடுத்தவர்கள் எழுதிய இசையை நடத்தியே பகலெல்லாம் போய்விடும். தன்னுடையதை விடியற்காலையில், மனைவி எழுந்து சமோவாரில் டீத் தண்ணீர் வைப்பதற்குள் எழுதுவார். அப்படித் திருடிய நேரத்தில் எழுதியவை ஓர் ஓபரா, கொஞ்சம் பாட்டுகள், மூன்று சிம்பொனிகள். மூன்றாவதன் பெயர் 'பனி உடைப்பு'. ஒரு முறைகூட அரங்கேறாதது. அதற்கு இருந்தது ஒரே ஒரு கைப்பிரதி.

பிப்ரவரியில் சாஷின் போய்ச் சேர்ந்தார். அடுத்த சனிக்கிழமை ஊர்க் கச்சேரி மண்டபத்தில் நடக்கும் நினைவுக் கச்சேரியில் 'பனி உடைப்பு' முதல் தடவையாக ஒலிக்கும் என்று சுவரொட்டியும் ஒட்டியாயிற்று. அப்போதுதான் மாஸ்கோ ஆவணக் காப்பகத்திலிருந்து வருவதாக ஓர் ஆள் வந்தார். படம் பிடித்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று கைப்பிரதிக் கட்டை வாங்கிப் போனார். போனவர் போனவர்தான். விசாரித்தால், காப்பகத்தில் அப்படி ஒரு ஆளே கிடையாது.

நாளைக்குள் கட்டு கைக்கு வராவிட்டால் வாத்தியம் வாத்தியமாகப் பிரித்தெழுதி ஒத்திகை பார்க்க நேரம் போதாது. மண்டபத்துக்காரர்கள் வேறு யாருடைய இசையையாவது வைத்துவிடுவார்கள். போலீசுக்குப் போனாலும் அதே கதிதான். போலீஸ் வாடை அடித்தாலே அவர்கள் கச்சேரியை மூட்டை கட்டிவிடுவார்கள். சாஷினின் மனைவி அக்னியா பெத்ரோவ்னாவுக்குக் காது மாசத்துக்கு மாசம் மங்கிக்கொண்டு வந்தது. இந்தக் கச்சேரி தவறினால், பிற்பாடு உலகமே அதை வாசித்தாலும் அவருக்குக் கேட்காது.

"மறுபடி சொல்லுங்க. ஆள் எப்படி இருந்தார்?" என்று கேட்டார் வர்வாரா.

அக்னியா பெத்ரோவ்னா இடது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டார். ஒல்லியான, நிமிர்ந்த அம்மாள். "எத்தனை தடவை சொல்றது? வயசானவர். கண்ணாடி. டை. ரொம்ப மரியாதையான மனுஷர்."

"நம்ம ஊர்ல அப்ப சுலபமா பிடிச்சிடலாம்," என்றான் திமோஷ்கா. "இங்க ஒண்ணு கண்ணாடி இருக்கும், இல்ல மரியாதை இருக்கும். ரெண்டும் சேந்தாப்ல நான் பாத்ததே இல்ல."

சொல்லிக்கொண்டே ஸ்டைலாகத் திரும்பினான். முழங்கை பியானோவில் இடித்தது. மேலே இருந்த இசைத்தாள்கள் சரசரவென்று தரையில் கொட்டின. ஐயோ என்று குனிந்தான்.

"தொடாதே!"

அக்னியா பெத்ரோவ்னா போட்ட கூச்சலில் சமோவாரே ஒரு குலுங்கு குலுங்கியது.

"எடுக்காதே! முதல்ல உக்காரு!"

திமோஷ்கா மிரண்டுபோய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அங்க இல்ல! தரையில! அதுமேல!"

அவன் வர்வாராவைப் பார்த்தான். அவர் கரண்டியால் தரையைக் காட்டினார். வேறு வழியில்லாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கிழட்டு ஒட்டகம் மாதிரி மடங்கி மடங்கி அந்தத் தாள்களின் மேல் உட்கார்ந்தான்.

"அம்மா, காலமெல்லாம் மூட்டைமேல உக்காந்து சாப்பிட்டவன் நான். பாட்டுமேல உக்காருறது இதுதான் முதல் தடவை. அடிபட்டா பாட்டு கத்துமா?"

"இப்ப எடுக்கலாம்," என்று மூச்சு விட்டார் அக்னியா. "மேடைக்காரங்க வழக்கம்ப்பா. வாசிக்க வேண்டிய தாள் கீழ விழுந்தா, அதுமேல உக்காந்து எழுந்துதான் எடுக்கணும். இல்லேன்னா கச்சேரி கவுந்துடும். எங்க வீட்டுக்காரர் ஒருதரம் தெருச்சேத்துல உக்காந்தார், புதுக் கோட்டோட."

வர்வாராவின் கரண்டி பாட்டிலுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"அக்னியா பெத்ரோவ்னா. அந்த ஆள் கையிலேர்ந்து கட்டு கீழ விழுந்துச்சா?"

"விழுந்துச்சே. மடியில வெச்சுப் புரட்டிட்டு இருந்தார். ஏதோ ஒரு பக்கத்துல சிரிச்சார். அடுத்த பக்கம் திருப்பினார், அப்படியே நழுவ விட்டுட்டார்."

"என்ன பண்ணார்?"

"என்ன பண்ணுவார்? உக்காந்தார். பாவம், வயசான காலத்துல தரையில உக்காந்து எழுந்தார். அதைப் பாத்ததும் எனக்கு மனசே குளுந்துபோச்சு. நம்ம ஆளு, முறை தெரிஞ்சவர்னு நெனச்சேன். அதனாலதான் ஒரு பேச்சுப் பேசாம குடுத்தனுப்பிச்சேன்."

"இதை ஏம்மா இவ்வளவு நேரம் சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" அக்னியாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "விழுந்தா உக்காருவாங்க. மழை பேஞ்சா குடை பிடிப்பாங்க. அதையுமா சொல்லணும்?"

வர்வாரா கரண்டியைக் கீழே வைத்தார். "காப்பகத்துல வேலை பாக்குறவன் பழைய காகிதத்தை எப்படித் தொடுவான் தெரியுமா, திமோஷ்கா? பொறந்த குழந்தையைத் தொடுற மாதிரி. தலையே போனாலும் அதுமேல தன் பின்பக்கத்தைக் கொண்டுபோய் வைக்கமாட்டான். வந்தவன் காகிதக்காரன் இல்ல. மேடைக்காரன்."

திமோஷ்காவுக்கு முதுகு வலி மறந்துபோனது. கிளம்பலாம் என்பது போலக் குல்லாவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

"கழட்டு, இன்னும் இருக்கு. அவர் டீ குடிச்சாரா, அக்னியா பெத்ரோவ்னா?"

"குடிச்சார். அதுகூட ஒரு வேடிக்கை. கிளாசை நகத்தால சுண்டிச் சுண்டி, குனிஞ்சு காதை வெச்சுக் கேட்டார். நான் டீ ஊத்த ஊத்த சத்தம் மாறுது பாருங்கன்னார்."

"உங்க மண்டபத்துல அப்படிக் குனிஞ்சு காதை வெச்சுக் கேக்குறவங்க யாரு?"

"முரசுக்காரங்கதான். செம்புக் கொப்பரையில தோல் இழுத்துக் கட்டின பெரிய முரசு இருக்கு இல்ல? மத்தவங்க வாசிச்சுட்டு இருக்கும்போதே அவங்க குனிஞ்சு மெதுவா தட்டித் தட்டிச் சுதி சேக்கணும்." சொல்லும்போதே அக்னியாவின் முகம் மாறியது. "ஆனா ஓபராவிலயும் சரி, மண்டபத்திலயும் சரி, முரசுக்காரங்க எல்லாரும் எங்க வீட்ல சாப்பிட்டவங்க. எனக்குத் தெரியாத முகம் இல்ல."

"ஊர்ல வேற எங்க முரசு இருக்கு?"

"எங்கயும் இல்ல."

பதில் கொஞ்சம் அவசரமாக வந்தது.

"எங்கயும் இல்லையா?" என்றான் திமோஷ்கா. "சர்க்கஸ்ல என்ன தகர டப்பாவா தட்டுறாங்க? ஊஞ்சல்ல பொண்ணு தாவும்போது தடதடதடன்னு வயித்தைக் கலக்கும் பாருங்க..."

அக்னியா பெத்ரோவ்னா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"என் வீட்டுக்காரர் எழுதுனது மேலிடத்துக்குப் பிடிக்காம போச்சு, ஒரு காலத்துல. ஓபராவை விட்டுத் தூக்கிட்டாங்க. அப்ப சர்க்கஸ்லதான் குழுவை நடத்தினார். கொஞ்ச வருஷம். சனிக்கிழமை நிகழ்ச்சி அட்டையில அந்தக் காலத்துக்கு 'உடல்நலம் கருதி ஓய்வு'ன்னு போடச் சொன்னது நான்தான்."

"அடக்கத்துக்கு அவங்க வந்தாங்களா?"

"வந்தாங்க. வாசலோட நிறுத்திட்டேன்."

"யார் முகத்தையாவது பாத்தீங்களா?"

"இல்ல."

"நீங்க முகம் சுளிச்சதை அவங்க பாத்திருப்பாங்க," என்று சால்வையை எடுத்தார் வர்வாரா. "அதான் கண்ணாடியும் டையும் தேவைப்பட்டிருக்கு."

"நானும் வர்றேன்," என்றார் அக்னியா.

திமோஷ்காவின் மோட்டார் சைக்கிளில் பக்கவண்டி ஒன்றுதான். அக்னியா பெத்ரோவ்னாவை அதில் உட்கார வைத்துப் போர்வையைச் சுற்றினார்கள். வர்வாரா பின்சீட்டில் ஏறியதும் வண்டி ஒரு முக்கல் முக்கியது.

"கெட்டியா பிடிச்சுக்குங்க, லுகினிஷ்னா. வண்டி முன்னாடி தூக்கிச்சுன்னா நான் முன்விளக்குமேல படுத்துக்குறேன்."

"ரோட்டைப் பாருடா."

தெருவெல்லாம் உருகிய சேறு. ஆற்றங்கரைப் பக்கம் கும்பல் கும்பலாக ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். திமோஷ்காவின் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பியது. பின்னாலிருந்து ஒரு குட்டு விழுந்ததும் நேராகியது.

சர்க்கஸில் பகல் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மரத்தூள் வாடையும் குதிரை வாடையும் மூக்கில் ஏறின. வட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் குதிரை சோம்பேறித்தனமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வாத்தியக் குழுவின் இடம் எங்கே என்று வர்வாரா கண்ணால் தேட, திமோஷ்கா முதுகு வலி தாளாமல், வட்டத்தைச் சுற்றிப் போட்டிருந்த சிவப்புத் தடுப்பின் மேல் அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தான்.

நாலாபக்கமிருந்தும் கத்தினார்கள். குதிரைக்காரன், கோமாளி, மாடிப்படி கூட்டுகிறவள்வரை.

"எந்திரிடா! வட்டத்துக்கு முதுகைக் காட்டி உக்காருறியே, உருப்படுமா?"

துள்ளி எழுந்தான். "என்ன ஊரு லுகினிஷ்னா இது! அங்க உக்காருன்னு உசிரை வாங்குறாங்க, இங்க உக்காராதேன்னு வாங்குறாங்க. நான் எதுமேலதான் உக்காரட்டும்?"

வர்வாரா தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். குதிரைகள் நுழையும் வாசலுக்கு மேலே ஒரு மாடம். அங்கிருந்து மிக மெதுவாக ஒரு சத்தம் வந்தது. யாரோ ஒருவர் முரசைத் தட்டி, நிறுத்தி, மறுபடி தட்டினார்.

குறுகலான படி. முதலில் வர்வாரா, பிறகு அக்னியா, கடைசியில் திமோஷ்கா. மாடத்தில் இருந்தது ஒரே ஆள்தான். கட்டையான கிழவர். தடித்த விரல்கள். கொப்பரை முரசின் மேல் கன்னம் படும்படி குனிந்திருந்தார். எதிரே தாங்கியில், எல்லாரும் பார்க்கும்படி, 'பனி உடைப்பு' விரித்து வைக்கப்பட்டிருந்தது.

"ஃபோமா யெகோரிச் கல்யாகின்," என்றார் நிமிர்ந்து. "தேடி வருவீங்கன்னு தெரியும். அந்த அம்மாவே வருவாங்கன்னுதான் நெனைக்கல."

"கண்ணாடி எங்க?" என்றான் திமோஷ்கா.

"கோமாளியோடது. வெறும் கண்ணாடிதான். டை, குதிரைக்காரனுது."

"மரியாதை?"

"அது என்னோடது." கிழவர் அவனைப் பார்க்கவே இல்லை. அக்னியாவையே பார்த்தார். "ஒரு தடவை கையில வெச்சுப் பாத்துட்டுக் குடுத்துடலாம்னுதான் வந்தேன். சத்தியமா. சர்க்கஸ்காரன்னு சொன்னா கதவைத் தொறக்கமாட்டீங்க. ஆனா நீங்க பண்ணியிருந்ததைப் பாத்தேன். இனி தரமாட்டேன். போலீசைக் கூப்பிட்டுக்குங்க."

"நான் என்ன பண்ணேன்?" என்றார் அக்னியா.

ஃபோமா கடைசிப் பாகத்தைத் திருப்பினார். "இது நாங்க கரடி நுழையறதுக்கு வாசிப்போமே, அந்த மார்ச் மெட்டு. சிம்பொனிக்குள்ள கரடியைக் கொண்டுவந்துட்டாரேன்னு சிரிச்சேன்." பக்கத்தைத் திருப்பினார். "இது."

அந்தப் பக்கத்தில் எல்லா வாத்தியமும் நின்றுவிடுகிறது என்பது திமோஷ்காவுக்கே புரிந்தது. கோடு கோடாக வெறுமை. அடியில் முரசுக்கு மட்டும் எழுத்து இருந்தது. அதுவும் பாதியில் நின்றது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. காத்திரு என்கிற ஒரு குறி. எவ்வளவு நேரம் என்று இல்லை. இத்தனைக்கும் குறுக்கே, மூலைக்கு மூலை, சிவப்புப் பென்சிலால் அழுத்தி அடித்திருந்தது.

"இங்க கோல் பிடிக்கிறவர் எங்களைப் பாக்கமாட்டார்," என்றார் ஃபோமா. "கீழ வட்டத்தைத்தான் பாப்பார். குதிரை தயங்குனா பாட்டும் தயங்கணும். ஊஞ்சல்ல இருக்குறவ கையை விட்டான்னா, அந்தப் பக்கத்துக் கை பிடிக்கிற வரைக்கும் முரசு மட்டும்தான். பிடிச்சதும் கோலை இறக்குவார், எல்லாரும் சேந்து வாசிப்போம்." நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். "அன்னைக்கு அந்தக் கை பிடிக்கல. என் சம்சாரம். லூஷா. நான் முரசை நிறுத்திட்டேன். சாஷின் கோலை இறக்கவே இல்ல. கீழ எல்லாரும் ஓடுறாங்க, அலறுறாங்க. அவர் கை மேலேயே நிக்குது. இறக்குனா முடிஞ்சுபோயிடும்ங்கற மாதிரி."

கீழே குதிரையின் குளம்புச் சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது.

"அதைத்தான் எழுதி வெச்சிருக்கார். நீங்க அடிச்சுட்டீங்க. ஒரு சர்க்கஸ்காரி செத்தது உங்க மண்டபத்துக்கு அழுக்காயிடுமா, அம்மா?"

திமோஷ்கா தலையிலிருந்த குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

வர்வாரா மட்டும் தாளின் மேல் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பின்னால் திருப்பினார். இன்னொரு பக்கம். "ஃபோமா யெகோரிச், இங்க கொம்பு நுழையற இடத்துல ஒரு சிவப்புக் கொக்கி. இங்க குழலுக்கு ஒண்ணு. இதெல்லாம் யார் போட்டது?"

"அவர்தான். நடத்தும்போது கண்ணுல படணும்னு போட்டுக்குவார். ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம்னு ஒரு பென்சில். சட்டைப் பையை விட்டுப் போகவே போகாது..."

கிழவரின் பார்வை சிவப்புக் கொக்கியிலிருந்து சிவப்பு அடித்தலுக்குப் போனது. அதே அழுத்தம். அதே சிவப்பு.

"அடிச்சது நான் இல்ல," என்றார் அக்னியா. "அவரேதான். ஒவ்வொரு தடவை அரங்கேத்தலாம்னு யாராவது கேக்கும்போதும் இந்தப் பக்கத்தை அடிப்பார். புதுத்தாள்ல மறுபடி எழுதுவார். மறுபடி அடிப்பார். இது இல்லாம சிம்பொனி நிக்காது. வீட்டுக்கு நடுத்தூணை உருவுன மாதிரி. கடைசில கச்சேரியே வேணாம்னுடுவார். நான் போடாத சண்டை இல்ல. 'ஃபோமா இதே ஊர்லதான் இருக்கான், அக்னியா. எம்பேரைப் பாத்தா டிக்கெட் வாங்கிட்டு வந்து உக்காந்துடுவான். அந்தச் சத்தத்தை அவனை ரெண்டாந்தரம் கேக்க வைக்கச் சொல்றியா?'ம்பார்."

ஃபோமா முரசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பேரை அப்படிக் கேட்டுக் கேட்டே எனக்குக் காலம் போச்சு," என்றார் அக்னியா. " உங்கமேல எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? மூஞ்சிகூடத் தெரியாத ஒரு முரசுக்காரனுக்காக என் புருஷனோட உசிரு அலமாரியில தூசி பிடிச்சுக் கிடந்துச்சு. அதான் வாசல்ல நிறுத்துனேன். அட்டையில சர்க்கஸ்னு போட்டா வந்துடுவீங்கன்னுதான் அதையும் மறைச்சேன். எனக்குக் காது போறதுக்குள்ள இதை முழுசா, இந்தப் பக்கத்தோட கேட்டுடணும். நீங்க வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். நீங்க டை கட்டிக்கிட்டு என் வீட்டுக்கே வந்து டீ குடிச்சிருக்கீங்க."

திமோஷ்காவுக்கு நிற்க முடியவில்லை, உட்காரவும் பயம். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தான். வர்வாரா அவன் கையைப் பிடித்து அழுத்தினார்.

"இப்ப நீங்கதான் சொல்லணும், ஃபோமா யெகோரிச்," என்றார் அக்னியா. "வேணாம்னா நான் இப்படியே எடுத்துட்டுப் போய் அலமாரியில வெச்சுடுறேன். அவர் செஞ்ச மாதிரியே."

கிழவர் குனிந்தார். விரல் நுனியால் தோலைத் தட்டிக் காதை வைத்தார். முரசின் திருகாணியை ஒரு இழை திருகி மறுபடி தட்டினார். அவர் சுதி சேர்க்கிறாரா அழுகிறாரா என்று திமோஷ்காவால் சொல்ல முடியவில்லை.

"உங்க மண்டபத்து முரசுக்கு என்ன தோல்? கன்னுத்தோலா, பிளாஸ்டிக்கா?"

அக்னியா தெரியாமல் விழித்தார். "பிளாஸ்டிக்னு நெனைக்கிறேன்."

"அதுல சரிப்படாது. இடி மாதிரி உருளும். அது இடி இல்ல." கைப்பிரதியை எடுத்து மூடி அக்னியாவின் கையில் கொடுத்தார். "சீக்கிரம் பிரிச்சு எழுதச் சொல்லுங்க. முரசு நான் வாசிக்கிறேன், என் பகுதியை எழுத வேணாம். கோல் பிடிக்கிறவர்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. அந்த இடத்துல என்னைப் பாக்கக்கூடாது. மேல பாக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

அப்புறம்தான் திமோஷ்காவின் பக்கம் திரும்பினார். "முதுகைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறியே, எப்படி இருக்கு?"

"மோசம், பெரியவரே."

"தூக்குவியா?"

"தூக்குவேன்."

செம்புக் கொப்பரையை மார்போடு அணைத்துத் தூக்கினான். கனம் இடுப்பில் சுரீரென்று இறங்கியது. படி குறுகல். முகத்துக்கு நேரே தோல். பின்னாலிருந்து ஃபோமா, "தோலுக்குக் கிட்ட பேசாதேப்பா. அது கேட்டு முனகும்," என்றார்.

முனகத்தான் செய்தது. அவன் விட்ட ஒரு பெருமூச்சுக்கே தோல் ஓர் ஆள் மாதிரி மெல்ல ம்ம்ம் என்றது. திமோஷ்கா வாயை மூடினான். மூச்சையும் பிடித்துக்கொண்டான். முன்னால் வர்வாரா ஒவ்வொரு படியாகக் கை காட்ட, பின்னால் இரண்டு கிழங்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி இறங்க, கடைசிப் படியில் கால் ஊன்றும் வரைக்கும் அவன் அந்த மூச்சை விடவே இல்லை.